உன் விரலில் குறை இல்லை, அண்ணா

கடைசிவரை என்னை "டேய் புரொபசர்" என்றே கூப்பிட்ட என் சேகர் அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருந்த காலத்திலேயே அந்தக் கேள்விக்கு நீ ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் பாஸ் கிதாரின் ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்துவிட்டேன். ஆமாம், உன் மார்பி டவுன் வீட்டின் முன்னறையில் பழைய வேட்டியைப் போட்டு மூடி, யாரும் கைவைக்கக் கூடாது என்று நீ சொல்லி வைத்திருந்த அதே பெட்டியைத்தான். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. அல்சூர்த் தமிழர்கள் வாங்கிப் படிக்கும் மலரில் ஒரு பக்கம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். உன்னைப் பற்றிய பொய் பலர் நடுவில் சொல்லப்பட்டது. மறுப்பும் பலர் நடுவில்தான் வர வேண்டும். மனதில் வைத்துக் கறுவுகிறவன் என்று என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும். கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர் பதவியை எனக்குப் பின்னால் வந்தவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நான் அவருக்கு வாழ்த்துச் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டவர்களும் இதையேதான் சொன்னார்கள். நான் இன்றுவரை வாழ்த்தவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் உன்னை அறிய மாட்டார்கள். அல்சூரில் சாமியானாவும் மைக் செட்டும் வாடகைக்கு விடும் பாபு ஒரு மெல்லிசைக் குழு நடத்துகிறான். பிள்ளையார் சதுர்த்தி, கன்னட மாநில நாளான ராஜ்யோத்ஸவம், கல்யாண வரவேற்பு எதுவானாலும் அவன் பாடுவான், நீ பாஸ் கிதார் வாசிப்பாய். தமிழ்ப் பாட்டோ கன்னடப் பாட்டோ, பாட்டுக்கு அடியில் நெஞ்சில் வந்து மோதும் கனத்த ஒலி உன்னுடையது. பாடுகிறவனைப் பார்த்துக் கைதட்டும் கூட்டத்துக்கு நீ அங்கே இருப்பதே தெரியாது. நீ வாசிப்பதை நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு நீ வாசிக்கும்போதே அது குறைய ஆரம்பித்தது. சர்க்கரை வியாதியால் வந்த மரப்பு உன் கால்களில் தொடங்கி விரல் நுனிகளுக்கு வந்திருந்த சமயம். அதே சமயத்தில்தான் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில் மழை பிடித்து உன் பெட்டி நனைந்தது. உள்ளே இருந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கும், அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதக் கோனைப் புதிதாகப் போட்டு வாங்கினீர்கள். ஸ்பீக்கர் புதிது, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் நன்றாக இருக்கிறது, அப்படியும் ஒலி மெலிந்து கேட்கிறது என்றால் கோளாறு வாசிக்கிறவன் கையில்தான் என்று பாபு முடிவு கட்டினான். முடிவு கட்டியதை மனதோடு வைத்துக்கொண்டானா?

மைக்கில் சொன்னான். "நம்ம சேகர் அண்ணன் விரல் தூங்கிடுச்சுங்க! எல்லாரும் ஒரு கைத்தட்டு குடுத்து எழுப்பி விடுங்க!" கூட்டம் சிரித்துக்கொண்டே தட்டியது. நீயும் சிரித்தாய். நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றிருந்த நான் சிரிக்கவில்லை. அடுத்த சில நிகழ்ச்சிகளில் பாபு பாஸ் பகுதியைக் கீபோர்டில் முன்கூட்டியே பதிந்து வைத்து ஓட்டினான். முதலில் உன்னை மேடையில் சும்மா உட்கார வைத்தான். அப்புறம் கூப்பிடவே இல்லை.

"விடுறா, அவன் சொல்றதுல என்ன தப்பு? விரல்ல உசுரு இல்லடா. எனக்கே தெரியுது" என்றாய். அத்தனை வருடம் வாசித்த கையை ஒருவன் மைக்கில் அடித்த கிண்டலுக்காகக் கைவிட்டுவிட்டாயே, அண்ணா. எப்படி நம்பினாய்? உன் காதை நம்பினாயா, அவன் வாயை நம்பினாயா?

உன் மாரடைப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று சொல்கிறேன். உன் சாவு வீட்டுக்குச் சாமியானா பாபு கடையிலிருந்துதான் வந்தது. அன்று முழுக்க அதன் நிழலுக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. எதிர்வீட்டு மதிலோரம் வெயிலில் நின்றேன். சொந்தக்காரர்கள் எனக்குத் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது செய்திக்கு வருகிறேன். வீட்டில் இடம் இல்லை, பெட்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அண்ணி முடிவெடுத்தார். பழைய சாமான் எடுக்கும் குஜிரிக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார். கேள்விப்பட்டு நான் குடியிருக்கும் சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். தடுக்க வந்தேன் என்று சொல்ல மாட்டேன். கடைசியாக ஒரு தடவை பார்க்க வந்தேன், அவ்வளவுதான்.

உன் மகள் நித்யா இருந்தாள். ஆபீஸ் நண்பர்களோடு அவள் ஒரு ராக் குழுவில் பாஸ் வாசிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். உன்னைவிட நன்றாக வாசிக்கிறாள் என்பதை நீ ஒப்புக்கொண்டதில்லை. "ஒரே ஒரு வாட்டி வாசிச்சுப் பாத்துட்டுக் குடுத்துடறேன் மா" என்று உன் கிதாரை எடுத்துச் சொருகினாள். நாலு சுரம் போட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்ன சித்தப்பா இது, தகர டப்பா மாரி இருக்கு? அடி சத்தமே வரல."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "உன் விரல் மரத்திருக்கா?"

"என்னது?"

"மரத்திருக்கா, இல்லையா? பதில் சொல்லு."

"இல்ல. ஏன், லூசு மாரி கேக்கறீங்க?"

"உன் விரலுக்கும் இதே சத்தந்தான் வருதுன்னா, உங்கப்பா விரல் என்னடி பண்ணுச்சு?"

அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்? குஜிரிக்காரன் வர்ற நேரம்" என்றார்.

அண்ணா, எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பிழை எங்கே என்று தேடத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் இத்தனை நாள் சாப்பிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். முதலில் வயரை மாற்றினோம். அதே தகரம். உன் கிதாருக்குள் இருக்கும் சின்ன பாட்டரியைப் புதிதாகப் போட்டோம். அதே தகரம். நித்யா தன்னுடைய கிதாரைச் சொருகினாள். அதேதான். திருகிகளை எல்லாம் நடுவில் வைத்துப் பார்த்தோம். பாஸ் திருகியை முழுக்கத் திருப்பினால் கோன் படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர ஒலியில் கனம் ஏறவில்லை. பெட்டியைச் சுவர் மூலைக்கு நகர்த்திப் பார்த்தோம். மூலையில் வைத்தால் பாஸ் கூடும் என்றாள். கூடவில்லை.

"ஆம்ப்ல ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கு பாருங்க" என்று அதில் சொருகிக் காதில் மாட்டிக்கொண்டாள். வாசித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடேயே சிரித்தாள். "சக்கத்தா இருக்கு சித்தப்பா! உள்ள எல்லாமே இருக்கு!"

அப்படியானால் கிதாரில் குறை இல்லை, வயரில் இல்லை, ஆம்பில் இல்லை, வாசிக்கிற கையிலும் இல்லை. மிச்சம் இருந்தது ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுதான். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தபோது குஜிரிக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்து, "நல்ல காந்தம் இருக்கும் சார் உள்ள" என்று ஆசையாகச் சொன்னார். "இது விக்கறதுக்கில்லைங்க, போய்ட்டு வாங்க" என்றேன். அண்ணிக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. "நீங்க சந்தாபுராவுக்குத் தூக்கிட்டுப் போறீங்களா? உங்க வீட்டுல வச்சுக்கறீங்களா?" என்று கேட்டார். வைத்துக்கொள்கிறேன் என்றேன். அப்படித்தான் ஒரு வீம்பில் உன் பெட்டிக்கு நான் சொந்தக்காரன் ஆனேன்.

பின்பலகையைக் கழற்றினோம். நித்யா ஆம்பை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் அதன் நடுவே இருந்த சொருகியில் பிடுங்கி ஓரமாக வைத்தாள். எது கிழிந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான். மறுபடி போட்டு வாசித்தாள்.

அண்ணா, அலமாரியில் அண்ணியின் டம்ளர்கள் குலுங்கின. என் பாதத்துக்கு அடியில் தரை அதிர்ந்தது. ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகு ஒலி கூடியிருந்தது! பிடுங்கியதைச் சேர்த்தோம், தகரம். மற்றதைப் பிடுங்கினோம், மறுபடி அதே இடி. தனித்தனியாக இரண்டும் சிங்கம். சேர்ந்தால் இரண்டும் இல்லை. அண்ணி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார். "இது அவர் சத்தம்" என்றார்.

"இருங்க, எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்று நித்யா கிதாரிலிருந்து எடுத்த பழைய பாட்டரியைக் கையில் எடுத்தாள். ஆம்ப் வயரை உருவிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் வயரின் சொருகி முனையில் பாட்டரியை லேசாகத் தொட வைத்தாள். என் உள்ளங்கையைக் கோன் மேல் வைக்கச் சொன்னாள். முதல் ஸ்பீக்கரில் கோன் என் கையைத் தள்ளியது. இரண்டாவதில் கையை விட்டு உள்ளே போனது. பாட்டரியை அதே பக்கமாகத்தான் பிடித்திருந்தாள். ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. இது கொடுப்பதை அது எடுத்துக்கொள்கிறது. மெல்லிய ஒலி எப்படியோ தப்பி வெளியே வந்துவிடும். கனத்த ஒலிதான் அந்த இடத்திலேயே அழிந்துபோகும். நீ வாசித்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே அழிந்தது, அண்ணா. உன் விரல் அனுப்பியது. பெட்டி வெளியே விடவில்லை.

பிறகு வயரை ஒட்ட ஈயம் உருக்கி வைத்த இடங்களைப் பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி கறுப்பு வயர். இரட்டைக் கம்பியில் ஒன்றின் மேல் மட்டும் வெள்ளைக் கோடு. ஆம்ப் சொருகும் பலகையில் இருந்த ஈயம் எல்லாம் உன் கைவேலை, அரிசி அளவு, பளபளவென்று. ஒரு ஸ்பீக்கரிலும் அப்படியே. மற்ற ஸ்பீக்கரில் மட்டும் இட்லி இட்லியாக அப்பியிருந்தது. அந்த இட்லி யாருடையது என்று பாபுவின் மைக் செட்டைப் பக்கத்தில் பார்த்த எவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே பெட்டியையும் ஆம்பையும் கிதாரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாபு கடைக்குப் போனோம், நித்யாவும் நானும். பாபு நாற்காலிகளை எண்ணி அடுக்க வைத்துக்கொண்டிருந்தான். "வாங்க வாத்தியாரே! என்ன, பெட்டியெல்லாம் தூக்கிட்டு? இனிமே நீங்க வாசிக்கப் போறீங்களா?" என்றான். கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவன் கையைப் பிடித்துக் கோன் மேல் வைத்தேன். நித்யா பாட்டரியைத் தொட்டாள். பிறகு அடுத்த கோன்.

பாபு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொழில் தெரிந்தவன், விளக்கம் தேவைப்படவில்லை. "யாரு இத..." என்று ஆரம்பித்து, குனிந்து உள்ளே பார்த்து, இட்லியைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

அப்புறம் சொன்னான். மழையில் நனைந்த பிறகு கோன் மாற்றிய ஸ்பீக்கர்கள் ஒரு கல்யாண மண்டபத்துக்கே நேராக வந்தன. நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதால் நீ ஒரு ஸ்பீக்கரும் அவன் ஒரு ஸ்பீக்கருமாகப் பொருத்த உட்கார்ந்தீர்கள். அப்போது நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேனரில் எல்லார் பெயரையும் போட்டு உன் பெயரை மட்டும் விட்டிருந்தான். அதற்காக நீ முகம் கொடுக்காமல் இருந்தாய்.

"ஒரு பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நானு. கட்டிங் ப்ளேயர் வேணும்னா டிரம்ஸ்காரன்கிட்ட சொல்லுவான், 'அவர்கிட்ட இருந்து வாங்கிக் குடு'ன்னு. நான் கை நீட்டுனா எட்டும், வாத்தியாரே! எங்க கடையில கோடு போட்டது மைனஸு. அவன் கோட்ட ப்ளஸ்ஸா வச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ கேட்டிருக்கணும்."

"அவன் சொல்லியிருக்கலாம் இல்ல?"

சொல்லியிருக்கலாம். இதில் உன்னையும் நான் விடப்போவதில்லை, அண்ணா. "கோடு ப்ளஸ்" என்று டிரம்ஸ்காரனிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் நீ. ரோஷம் நம் குடும்பச் சொத்து. ஆனால் பேசாமல் இருந்தது இருவர் குற்றம். மைக்கைப் பிடித்துப் பேசியது ஒருவன் குற்றம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. அதைப் பாபுவிடமும் சொன்னேன்.

"சரி, இப்ப என்ன, வயர மாத்திப் போட்டா முடிஞ்சுது" என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கினான். ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் மாற்றினால் போதும், எதில் மாற்றினாலும் ஒலி ஒன்றுதான் என்று நித்யா சொல்லியிருந்தாள். அவன் நேராக உன் ஸ்பீக்கருக்குப் போனான்.

"அத தொடாத."

"வாத்தியாரே, சேகரு வச்சது சின்ன ஈயம், தொட்டா வந்துடும். என்னுது கெட்டியா இருக்கு, பேஜாரு. எத மாத்துனாலும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். உன்னுதக் கழட்டு."

"இதுல என்ன வீம்பு?"

"வீம்புதான். கழட்டு."

நித்யாவைப் பார்த்தான், அவள் காப்பாற்றுவாள் என்று. அவள் டார்ச் லைட்டை எடுத்து அவன் வைத்த ஈயத்தின் மேல் காட்டினாள். பாபு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தரையில் மண்டி போட்டான். அது லேசில் உருகவில்லை. புகை கண்ணில் ஏறி இருமினான், விரலைச் சுட்டுக்கொண்டான், கடைப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். நான் உதவவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. உன் ஸ்பீக்கரில் நீ வைத்த ஈயம் நீ வைத்தபடியே இருக்கிறது. எனக்கு உயிர் உள்ளவரை அதை யாரும் உருக்க முடியாது.

நித்யா வாசித்தாள். அடுக்கி வைத்த இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று உரசி முனகின. பாபு தரையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "இதான். சேகரு இப்படித்தான் வாசிப்பான்" என்றான். அது எனக்குப் போதவில்லை.

"மைக்ல சொல்லு. எங்க வச்சு சிரிச்சியோ அங்க வச்சு சொல்லு" என்றேன்.

"வீட்டுக்கு வந்து அண்ணிகிட்ட சொல்றேன் வாத்தியாரே. கால்ல விழச் சொன்னாலும் விழறேன். மைக்ல வேணாம், எனக்கும் ஒரு பேர் இருக்கு."

"அப்ப நான் எழுதுவேன்."

"எழுதிக்கோங்க" என்றான். எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது, இது உனக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்பும்போது நித்யா அவனிடம், "அங்கிள், ராஜ்யோத்ஸவத்துக்கு அந்த ரெக்கார்டிங்க நிறுத்திடுங்க. நான் வாசிக்கறேன், இந்தப் பெட்டியில" என்றாள். ஆட்டோவில் கேட்டேன், போயும் போயும் அவன் குழுவிலா என்று. "எனக்கும் அவர் மேல கோவம் இருக்கு சித்தப்பா. அதுக்காக அப்பா சத்தம் ஏன் வீட்டுக்குள்ளயே கெடக்கணும்?" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ இருந்திருந்தால் அவள் பக்கம்தான் பேசியிருப்பாய். எப்போதும் எனக்கு எதிர்ப்பக்கம்தானே பேசுவாய்?

எனவே உனக்கு என் வாக்கு இது. ராஜ்யோத்ஸவ மேடைக்கு முன்னால், முதல் வரிசையில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காருவேன். பாபு பாடும்போது கைதட்ட மாட்டேன். அந்தக் கூட்டத்தில் தட்டாத இரண்டு கை என்னுடையவையாக இருக்கும். உன் மகள் வாசிப்பு நெஞ்சில் வந்து மோதும்போது, பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் சரி, பிடித்து நிறுத்தி, சேகர் கை கடைசிவரை இப்படித்தான் வாசித்தது என்று சொல்வேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்வேன். அடுத்த வருடமும் சொல்வேன். இந்த ஊரில் ஒருவனாவது உன் விரல் தூங்கியது என்று நம்பிக்கொண்டிருக்கும்வரை நான் வாயை மூடப் போவதில்லை.

அவனை மன்னித்துவிடு என்று சொல்வதற்காக மட்டும் என் கனவில் வராதே, அண்ணா. வந்தால் வாசிக்க வா.

கோபம் கொஞ்சமும் குறையாத,
உன் கூடப் பிறந்த தம்பி
மூர்த்தி